எம்.டி.எச் தேகி மிர்ச்: டப்பா மேல இருக்குற தாத்தாவையும் சேத்து ஒரு ரிவ்யூ

டெல்லில குடித்தனம் ஆரம்பிச்சு இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. இத்தன வருஷத்துல என் கிச்சன்ல கடை மசாலா டப்பானு எண்ணுனா அஞ்சு தான் இருக்கும், அந்த அஞ்சுமே எம்.டி.எச்ங்கற டெல்லி மசாலா கம்பெனியோடது. மத்ததெல்லாம் ஊர்ல அம்மா மிளகாயும் மல்லியும் மொட்டமாடில காய வச்சு, மில்லுல அரைச்சு, ஆற வச்சு, கவர்ல கட்டி அதுக்கு மேல இன்னொரு கவர் போட்டு, தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல வர்ற யாரோ ஒருத்தர் தலைல கட்டி அனுப்புறது. அதனால "நீங்கல்லாம் ரெடிமேட் மசாலா யூஸ் பண்றீங்களா"னு யாரும் என்கிட்ட சண்டைக்கு வர வேணாம். போன வாரம் ஆபீஸ்ல புதுசா திருச்சில இருந்து வந்த பொண்ணு ஒண்ணு "அக்கா, இங்க கடைல நூறு டப்பா அடுக்கி வச்சிருக்கான், எத எடுக்குறதுனே தெரியல, கலரு வேற எல்லாம் ஒண்ணு போலவே இருக்கு"னு கேட்டுச்சு. வாயால சொல்ல ஆரம்பிச்சு லஞ்ச் டைம் முடிஞ்சும் முடியல, அதான் எழுதிட்டேன்.

முதல்ல தேகி மிர்ச். ஒண்ணே ஒண்ணு தான் வாங்குவேன்னு சொன்னா இத வாங்குங்க.

எனக்கு இது அறிமுகமானதே ஒரு அவமானத்துல தான். கல்யாணமாகி கரோல் பாக்ல மாடி போர்ஷன்ல வாடகைக்கு இருந்தோம், கீழ ஹவுஸ் ஓனர் பஞ்சாபி ஆன்ட்டி. டெல்லி வந்துட்டோமேனு ஆசப்பட்டு ராஜ்மா செஞ்சு ஒரு கிண்ணத்துல எடுத்துட்டுப் போய் அவங்களுக்குக் குடுத்தேன். ஆன்ட்டி ஒரு வாய் வச்சுட்டு "பேட்டா, இது ராஜ்மாவா, இல்ல உங்க சாம்பாரா?"னு கேட்டாங்க. அம்மா அனுப்புன மிளகாய்த்தூள நம்ம ஊர் கணக்குக்கு ரெண்டு ஸ்பூன் போட்டிருக்கேன், காரம் மண்டைக்கு ஏறுது, கலரு பாத்தா காஞ்ச புளி மாதிரி இருக்கு. அப்புறம் அவங்களே ஒரு சின்னக் கிண்ணத்துல செவப்பா ஒரு தூள் கொண்டாந்து குடுத்து "அடுத்த வாட்டி இதப் போடு"ன்னாங்க. அது தான் தேகி மிர்ச்.

இத மிளகாய்த்தூள்னு நெனச்சு வாங்காதீங்க, ஏமாந்துருவீங்க. காரம் கம்மி, கலரு தான் இதோட வேலையே. தேக்னா பெரிய அண்டா, கல்யாண வீட்ல பிரியாணி வைக்கிற மாதிரி. அந்த அண்டாச் சமையலுக்கு நெறம் குடுக்குற மிளகாய்ங்கறதால தேகி. போடுற விதம் தான் முக்கியம். எண்ணெயோ நெய்யோ காஞ்சதும் அடுப்ப அணச்சுருங்க, ஒரு பத்து எண்ணுங்க, அப்புறம் அர ஸ்பூன் தூவுங்க. எண்ணெய் அப்டியே குங்குமக் கலர்ல திரும்பும், பாக்கவே அழகா இருக்கும். அந்தச் சூட்டோட தக்காளி வெங்காய மசாலால ஊத்திரணும். அடுப்பு எரியும்போதே போட்டீங்கன்னா மூணே செகண்டுல கருகி கசந்துரும், வீடு பூரா இருமல் வேற. நான் மீன் வறுக்கும்போது அம்மா தூள் பாதி, இது பாதி போடுவேன், காரத்துக்கு அம்மா, கலருக்கு இவரு. வத்தக்குழம்பு, காரக்குழம்பு பக்கம் மட்டும் இதக் கொண்டு போகாதீங்க, பாக்க மிரட்டும், வாய்ல வச்சா ஒண்ணுமே இருக்காது.

"இவரு"னு சொல்லிட்டேன்ல. எங்க வீட்ல இது பொருள் இல்ல, ஆள். அம்மா முதல் தடவ டெல்லி வந்தப்ப கிச்சன் ஷெல்ஃப்ல டப்பாவப் பாத்துட்டு "யாருடி இந்தத் தலப்பாக்காரரு, இந்த ஊரு ராஜாவா?"னு கேட்டாங்க. செவப்புத் தலப்பா, வெள்ள மீச, கண்ணாடி, கழுத்துல முத்து மால, முகம் கொள்ளாத சிரிப்பு. ராஜா இல்லம்மா, ஜட்கா வண்டி ஓட்டுனவருனு சொன்னேன். அம்மா நான் கிண்டல் பண்றேன்னு நெனச்சுட்டாங்க.

கிண்டல் இல்ல. மகாஷய் தரம்பால் குலாட்டி, 1923 மார்ச் 27, சியால்கோட்ல பொறந்தவரு, இன்னைக்கு அது பாகிஸ்தான்ல இருக்கு. அப்பா சுன்னிலால் அங்க 1919-லயே மசாலாக் கடை வச்சிருந்தாரு, கடை பேரு மஹாஷியான் தி ஹட்டி. ஹட்டினா பஞ்சாபில கடை, மகாஷய்ங்கறது ஆரிய சமாஜக்காரங்களுக்குக் குடுக்குற மரியாதப் பட்டம், நம்ம ஊர்ல "செட்டியார் கட"ங்கற மாதிரி "மகாஷய் வீட்டுக் கட"னு வச்சுக்கோங்க. அதோட முதல் எழுத்து தான் எம்.டி.எச். அந்தக் காலத்துலயே அவங்களுக்கு ஊர்ல பேரு "தேகி மிர்ச்காரங்க" தானாம். ஆக நூறு வருஷத்துக்கு மேல ஒரே சரக்கு. பையனுக்குப் படிப்பு ஏறல, அஞ்சாங் கிளாஸ் முடிக்காமலே நின்னுட்டாரு. கண்ணாடி வியாபாரம், சோப்பு, தச்சு வேல, துணினு ஒவ்வொண்ணா தொட்டுத் தொட்டு விட்டுட்டு கடசில அப்பா கடைக்கே வந்துட்டாரு. பதினெட்டு வயசுல, 1941-ல, லீலாவதியோட கல்யாணம்.

அப்புறம் 1947, நாடு பிரிஞ்சுச்சு. செப்டம்பர் மாசம் எல்லாத்தையும் அப்டியே போட்டுட்டு அமிர்தசரஸ் அகதி முகாம், அங்க இருந்து டெல்லி. கைல அப்பா குடுத்த 1500 ரூபா. அதுல 650 ரூபாக்கு குதிரையோட ஒரு டோங்கா வாங்கிருக்காரு. பாதிக்குக் கொஞ்சம் கம்மி, யோசிச்சுப் பாருங்க, தெரியாத ஊரு, குடும்பம் இருக்கு, இருக்குற காசுல பாதி குதிரைல போச்சு. நியூ டெல்லி ஸ்டேஷன்ல இருந்து குதுப் ரோடு, கரோல் பாக்ல இருந்து பாரா ஹிந்து ராவ், ரெண்டணாவுக்கு சவாரினு கூவுனாராம். ரொம்ப நாள் ஓட்டல. நமக்குத் தெரிஞ்ச தொழில் இது இல்லனு வண்டிய வித்துட்டு, 1948-ல கரோல் பாக் அஜ்மல் கான் ரோட்டுல ஒரு மரப்பெட்டிக் கட போட்டாரு, பதினாலு அடிக்கு ஒம்போது அடி. பழையபடி மஹாஷியான் தி ஹட்டினே பேரு, சியால்கோட் தேகி மிர்ச்காரங்கன்னு பழைய ஊர்க்காரங்களுக்குப் புரியுற மாதிரி ஒரு போர்டு. இதுல தான் ஆளோட மூளை தெரியுதுனு நான் சொல்லுவேன். டெல்லி பூரா அப்போ அந்தப் பக்கத்துல இருந்து வந்த ஜனங்க, வீடு போச்சு, நெலம் போச்சு, நாக்கு மட்டும் கூடவே வந்திருக்கு. அந்த நாக்குக்குத் தெரிஞ்ச ஒரு பேரு போர்டுல இருந்தா போதாதா.

நான் அந்த அஜ்மல் கான் ரோட்டுல வாரத்துக்கு ரெண்டு நாள் நடந்தவ. 2019-ல வண்டி போகாத ரோடாக்கி செடி தொட்டியெல்லாம் வச்சாங்க, அதுக்கு முன்னாடி ரிக்‌ஷா, ஸ்கூட்டர், தள்ளுவண்டி, துணிக்கட ஆளுங்க கைய புடிச்சு இழுக்குறதுனு ஒரே அமளி. பதினாலுக்கு ஒம்போதுன்னா எங்க மாடி போர்ஷன்ல கிச்சனையும் பால்கனியையும் சேத்தா வர்ற எடம். அங்க இருந்து 1953-ல சாந்தினி சௌக்ல இன்னொரு கட, 1959-ல கீர்த்தி நகர்ல ஃபேக்டரி. இதெல்லாம் நடந்த எடங்கள் எனக்கு மெட்ரோ ஸ்டேஷன் பேரா தினமும் காதுல விழுறதால, ஏதோ சொந்தக்காரங்க கத மாதிரியே ஆயிருச்சு.

பாக்கெட்ல அடச்ச மசாலாவ ஏன் ஜனங்க நம்புனாங்கனு தெரியணும்னா ஒரு தடவ காரி பாவ்லி போய்ட்டு வாங்க. சாந்தினி சௌக் கடசில, மசாலா மண்டி. சந்துக்குள்ள நுழையும்போதே தும்மல் ஆரம்பிச்சுரும், மூட்ட தூக்குறவங்க முகத்துல துண்டக் கட்டிட்டு "ஹட்டோ ஹட்டோ"னு வருவாங்க, மிளகாய் மூட்டை மேல உக்காந்து ஒருத்தர் டீ குடிப்பாரு, அவருக்கு மட்டும் தும்மலே வராது. லூஸ்ல கோபுரம் கோபுரமா தூள் குமிச்சு வச்சிருப்பாங்க. புதுசுல நானும் சிக்கனம் பாக்குறேன்னு ஒரு கடைல, பேரு வேணாம், கால் கிலோ லூஸ் மிளகாய்த்தூள் வாங்கிட்டு வந்தேன். தண்ணில ஒரு ஸ்பூன் போட்டுப் பாத்தா அடில செங்கக் கலர்ல கரகரன்னு தங்குது, மேல தண்ணி ரோஸ் கலரு. ஆன்ட்டி பாத்துட்டு சிரிக்கவே இல்ல, எடுத்து சிங்க்ல ஊத்திட்டாங்க. இந்தத் தொழில்ல ஆளுங்க விக்குறது மசாலாவ இல்ல, நம்பிக்கைய. அதுக்குத் தான் அவரு தன் மூஞ்சிய டப்பா மேல போட்டாரு போல, ஏதாச்சும் தப்பு நடந்தா யாரத் திட்டணும்னு வாங்குறவனுக்குத் தெரியணும்ல.

விளம்பரத்துல நடிக்க ஆரம்பிச்சதும் தற்செயல் தானாம். கல்யாணப் பொண்ணோட அப்பாவா நடிக்க வேண்டிய ஆள் அன்னைக்கு வரலனு டைரக்டர் இவரையே நிக்கச் சொல்லிட்டாரு, செலவும் மிச்சம்னு நின்னுட்டாரு. அன்னைல இருந்து கடசி வர அவரு தான். சாப்பாட்டு மேசைல உக்காந்து எல்லாருக்கும் ஆசிர்வாதம் பண்ணுவாரு, ஆக்டிங்னு ஒண்ணும் பெருசா கெடையாது, பக்கத்து வீட்டு கல்யாண வீடியோ பாக்குற மாதிரி இருக்கும். சினிமா ஸ்டார வச்சு எடுத்த எத்தனையோ மசாலா விளம்பரம் மறந்து போச்சு. என் பையன் பேசப் பழகுன புதுசுல "மசாலா தாத்தா"னு தான் கூப்டுவான், சொந்தத் தாத்தா ஊர்ல இருந்ததால இவரத் தான் தினமும் பாத்தான், பாவம்.

இனி காசு விஷயம். 2017-ல ஒரு நியூஸ் வந்துச்சு, இந்தியால சோப்பு சீப்பு சாப்பாட்டுச் சாமான் விக்குற கம்பெனிகள்லயே அதிக சம்பளம் வாங்குற சி.இ.ஓ இவரு தான், வருஷத்துக்கு 21 கோடிக்கு மேலனு. எம்.பி.ஏ கூட்டம் பூரா வாயப் பொளந்துச்சு, அஞ்சாங் கிளாஸ்ல நின்ன தொண்ணூத்தி நாலு வயசு ஆள். அதுல 90 சதவீதத்துக்குக் கிட்ட தர்மத்துக்குப் போகுதுனு அவரே பேட்டில சொன்னாரு. சொன்னது சரி, கண்ணால பாத்தியானு கேட்டா, பாத்தேன். 1975-ல சுபாஷ் நகர் ஆரிய சமாஜத்துல பத்து பெட் போட்டு ஒரு கண் ஆஸ்பத்திரில ஆரம்பிச்சு, அப்புறம் ஜனக்புரில பெருசா ஒரு ஆஸ்பத்திரி கட்டுனாரு, மாதா சனன் தேவி ஆஸ்பத்திரி. சனன் தேவி அவரோட அம்மா. ஆன்ட்டியோட கண் ஆபரேஷனுக்குக் கூடப் போய் ரெண்டு நாள் அங்க இருந்திருக்கேன். ஸ்கூலும் நெறய கட்டிருக்காரு. டப்பாக்கு டப்பா தன் மூஞ்சிய ஒட்டுனவரு, ஆஸ்பத்திரி கட்டும்போது வாசல்ல அம்மா பேர எழுதிட்டாரு பாருங்க, எனக்கு அது பிடிச்சிருந்துச்சு.

ஆறு பொண்ணுங்க அவருக்கு. வடக்கத்தி வியாபாரக் குடும்பம்னா கட பையனுக்கு, நக பொண்ணுக்குனு தான் நான் பாத்திருக்கேன், நம்ம பக்கமும் ஒண்ணும் பெரிய வித்தியாசம் இல்ல. இங்க ஒவ்வொரு பொண்ணும் ஒரு ஏரியா டிஸ்ட்ரிபியூஷனப் பாத்துக்குறாங்கனு படிச்சப்ப, அட பரவால்லயேனு தோணுச்சு. மனைவியும் ஒரு பையனும் அவருக்கு முன்னாடியே போய்ட்டாங்க. அதுக்கப்புறமும் காலைல எழுந்து நடக்கப் போறது, யோகா, ஃபேக்டரிக்குப் போறது, மார்க்கெட்டுக்குப் போறது, ஞாயித்துக்கிழமைகூட விட்டதில்லையாம். என் வீட்டுக்காரர் ரிட்டயர்மென்ட் பத்தி இப்பவே பேச ஆரம்பிச்சுட்டாரு, அவருக்கு இந்தப் பாராவ தனியா வாசிச்சுக் காட்டணும்.

சரி, மத்த டப்பாங்க.

சன்னா மசாலா நல்லா இருக்கும், ஆனா டப்பா பின்னாடி போட்டிருக்குற அளவுல முக்கா பாகம் போடுங்க, கொஞ்சம் டீ டிகாஷன் விட்டு கடலைய வேக வச்சா கலரும் வரும். சங்கி சாட் மசாலா கொய்யாக்கா மேல தூவுறதுக்குனே பொறந்தது, உப்பு அதுலயே இருக்கும், தனியாப் போட்டுறாதீங்க. கசூரி மேத்தி, காஞ்ச வெந்தயக் கீரை. பேருல இருக்குற கசூர் ஊரு பாகிஸ்தான் பக்கம் போயிருச்சு, இப்போ நமக்கு ராஜஸ்தான் நாகௌர் பக்கத்துல இருந்து நெறய வருது. அப்டியே போடாம உள்ளங்கைல வச்சு கசக்கிப் போடணும், வாசன கைய விட்டு சாயங்காலம் வர போகாது. இத ஒரு ரகசியம் சொல்றேன், நம்ம உருளக்கெழங்கு பொடிமாஸ்ல ஒரு சிட்டிக போட்டுப் பாருங்க. கிச்சன் கிங்... இங்க எல்லா வீட்லயும் எல்லாத்துலயும் கிச்சன் கிங் தான், பன்னீர்ல, காலிஃப்ளவர்ல, பட்டாணில. அப்டி போட்டா எல்லாம் ஒரே ருசில தான் வரும், அது டப்பா தப்பில்ல, கை தப்பு. நான் மாசத்துக்கு ஒரு தடவ, விருந்தாளி வந்தா மட்டும் போட்டுட்டிருந்தேன்.

சாம்பார் மசாலா? நான் வாங்குனதே இல்ல, வாங்கவும் மாட்டேன், தஞ்சாவூர்க்காரி வீட்ல அது நுழஞ்சா அம்மாக்கு டெல்லி வந்து என்ன அடிக்குற ரைட் இருக்கு. அது டெல்லிக்காரங்க வைக்கிற சாம்பாருக்குனு செஞ்சது, அவங்களுக்குப் பிடிக்குது, நல்லா இருக்கட்டும். ரிவ்யூனு எழுதிட்டு இதச் சொல்லாம போனா தப்பு: 2024 ஏப்ரல்ல ஹாங்காங் உணவுப் பாதுகாப்புத் துறை, எம்.டி.எச்சோட மூணு சரக்குல எத்திலீன் ஆக்சைடு இருக்குனு விக்குறத நிறுத்தச் சொல்லிச்சு. கிருமி சாகுறதுக்கு மசாலாவுக்குப் புகை போடுற கெமிக்கல் அது, கேன்சர் வர வைக்கும்ங்கறதால சாப்பாட்டுல இருக்கக்கூடாது. அந்த மூணு எதுனு பாத்தா, மெட்ராஸ் கறி பவுடர், சாம்பார் மசாலா, மிக்ஸ்டு கறி பவுடர். நம்ம பேர வச்ச டப்பாங்களா தேடிப் பாத்து மாட்டிருக்கு! கம்பெனி அதெல்லாம் ஆதாரமில்லாததுனு மறுத்துச்சு, இங்க நம்ம உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐயும் சாம்பிள் எடுத்துப் பாத்துட்டு அந்தக் கெமிக்கல் தெரியலன்னு சொல்லிச்சு. நான் ஒரு மூணு மாசம் எந்த டப்பாவும் வாங்கல, அப்புறம் தேகி மிர்ச்சும் கசூரி மேத்தியும் மட்டும் திரும்ப வாங்க ஆரம்பிச்சேன். உங்களுக்கு மனசு ஒப்பலன்னா காஷ்மீரி மிளகாய் முழுசா வாங்கி வெந்நில ஊற வச்சு அரைச்சுக்கோங்க, கலரு கிட்டத்தட்ட வந்துரும், வேல தான் ஜாஸ்தி. அந்த நியூஸ் வந்தப்ப அவரு இல்ல. இருந்திருந்தா டிவி முன்னாடி வந்து என்ன சொல்லிருப்பாருனு கேக்க ஆசையா இருந்துச்சு, ஏன்னா அந்த மூஞ்சியப் பாத்துத் தான நாங்க வாங்குனோம்.

அவரு போனது 2020 டிசம்பர் 3, தொண்ணூத்தி ஏழு வயசு, அம்மா பேருல கட்டுன அதே ஆஸ்பத்திரில. அதுக்கு முந்துன வருஷம் தான் பத்ம பூஷண் வாங்குனாரு. அன்னைக்கு காலைல எனக்கு போன்ல நியூஸ் வந்ததும் மாஸ்க்க மாட்டிட்டுப் படி எறங்கி ஆன்ட்டி கதவத் தட்டிச் சொன்னேன். ஆன்ட்டி நம்பவே இல்ல. ஏன்னா 2018-லயே ஒரு தடவ அவரு போய்ட்டாருனு வாட்ஸ்அப்ல பரவி, ஆன்ட்டி அத முப்பது பேருக்கு ஃபார்வர்ட் பண்ணி, அப்புறம் அவரு நல்லாத் தான் இருக்காருனு குடும்பமே வீடியோ போட்டு, ஆன்ட்டி தெருவுல அசடு வழிஞ்சது பெரிய கத. அதனால "சும்மா இரு பேட்டா, மகாஷய்ஜிய இவனுங்க வருஷத்துக்கு ஒருக்கா சாகடிப்பானுங்க"னு கதவ சாத்திட்டாங்க. சாயங்காலம் துணி எடுக்க மாடிக்கு வந்தப்ப அவங்களே சொன்னாங்க, "இந்தத் தடவ நெசம் தான்"னு. அப்புறம் கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் துணிய மடிச்சோம். அவங்க மாமனாரும் அந்தப் பக்கத்துல இருந்து வந்தவரு தான், அவரு கடசி வர டப்பாவப் பாத்தா "இவன் எங்க ஊரு ஆளு"னு சொல்லுவாராம், நூறு மைலு தள்ளி வேற ஊரா இருந்தாலும்.

இப்ப அந்த வீட்ட விட்டு டெல்லிலயே துவாரகா பக்கம் வந்துட்டோம். டப்பால இன்னமும் அவரு படம் இருக்கு, அதே தலப்பா, அதே சிரிப்பு. வாங்கும்போது டேட் பாத்து வாங்குங்க, நூறு கிராம் டப்பாவே போதும், தெறந்ததும் உள்ள கவர கண்ணாடி பாட்டில்ல கொட்டி வெயில் படாம வைங்க, ரெண்டு மாசத்துக்கு மேல போனா கலரு மங்கும். காலி டப்பாவ நான் தூக்கிப் போடுறதில்ல, அதுல கடுகு பாக்கெட் கிளிப்பு, ரப்பர் பேண்டுனு ஏதாச்சும் கெடக்கும்.

அடுத்த மாசம் ஊருக்குப் போறேன். நேத்து அம்மா போன்ல லிஸ்ட் குடுத்தாங்க, ஸ்வெட்டர் ஒண்ணு, பெருங்காயம், அந்தத் தாத்தா தூள் ரெண்டு டப்பா.